பிரித்தாலும் அழியாத நூல்

நெசவு வேறு, பின்னல் வேறு. தறியில் நெய்யப்படும் துணிக்குப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். நெடுக்கே ஓடும் இழைகளும் குறுக்கே ஓடும் இழைகளும் ஒன்றையொன்று கடந்து துணியாகின்றன. பின்னலுக்கோ ஒரே நூல் போதும். அந்த ஒரு நூல் வளைந்து கண்ணியாகிறது, அக்கண்ணியின் ஊடே மற்றொரு கண்ணி இழுக்கப்படுகிறது, அதனூடே இன்னொன்று. இவ்வாறு ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதே பின்னலாடை. வேட்டியை இழுத்தால் அது நீள்வதில்லை, பனியனை இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீள்கிறது. கண்ணிகள் வளைந்து கொடுப்பதே காரணம்.

கண்ணி என்னும் சொல் தமிழில் பொருள்வளம் மிக்கது. தலையில் சூடும் மாலையும் கண்ணி. பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி. சங்கிலியின் வளையமும் கண்ணி. ஈரடிப் பாடலும் கண்ணி. நூல் என்னும் சொல்லும் அத்தகையதே. அது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நூல் இயற்றுவதை நூல் நூற்பதற்கு ஒப்பிட்டு நன்னூலார் விளக்கியிருப்பதைத் தமிழறிந்தோர் அறிவர்.

இக்கட்டுரையில் நாம் சொல்லப் புகுவது கைப்பின்னலின் வரலாறு. மன்னர் வரலாற்றைப் போல அது கல்லில் பொறிக்கப்படவில்லை. பின்னியவர்களுள் பெரும்பாலோர் பெயரற்றவர்கள், ஏழைகள், பிற்காலத்தில் பெரிதும் பெண்கள். பெயரற்றோர் வரலாற்றில் கதைகள் எளிதில் புகுந்துவிடும். ஆயினும் பின்னலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வெட்டித் தைத்த துணியில் பிழை நேர்ந்தால் துணி வீண். பின்னலில் பிழை நேர்ந்தால் பிரித்துவிடலாம், நூல் அழியாது. இந்த வரலாற்றையும் பிழைபடப் பின்னியவர்கள் உண்டு. பொறுமையோடு பிரித்தவர்களும் உண்டு. பிரித்தபின் நம் கையில் மிஞ்சுவது எது? அதுவே நம் கேள்வி.

பாலைவனத்தில் கிடைத்த காலுறை

எகிப்து நாட்டில் ஆக்சிரிங்கஸ் என்னும் பழைய நகரின் இடிபாடுகளில் சிவப்புக் கம்பளிக் காலுறைகள் கண்டெடுக்கப்பட்டன. அவை இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பழைமையானவை. செருப்பின் வார் செல்வதற்காகப் பெருவிரலுக்குத் தனி இடம் விட்டுச் செய்யப்பட்டவை. பார்ப்பதற்கு இன்றைய பின்னல் போலவே தோன்றினும், இவை ஒற்றை ஊசியில் நூலைக் கோத்துக் கோத்து முடிச்சிட்டுச் செய்தவை. இரண்டு ஊசிகளுக்கிடையே கண்ணிகளை மாற்றிப் பின்னும் கலை அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தே தெரியவருகிறது. அதன் மிகப் பழைய சான்றுகளும் எகிப்திலேயே கிடைத்துள்ளன. 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை எனக் கணிக்கப்படும் அப்பருத்திக் காலுறைத் துண்டுகளில் வெண்மையும் அவுரி நீலமும் மாறி மாறி வருகின்றன. அவற்றின் வேலைப்பாடு தொடக்கநிலைக் கைகளுடையதன்று. நன்கு பழகிய கைகளுடையது. ஆகவே கலை அதற்கும் முந்தியதாதல் வேண்டும்.

அங்கிருந்து இக்கலை மத்தியதரைக் கடலைச் சுற்றி ஐரோப்பாவை அடைந்தது. ஸ்பெயின் நாட்டுப் பர்கோஸ் நகரில் லாஸ் வெல்காஸ் என்னும் சிஸ்டர்சியன் கன்னியர் மடம் உள்ளது. அங்கே 1275-இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ தெ லா செர்தாவின் கல்லறையைத் திறந்தபோது, பட்டு நூலில் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. ஓர் அங்குல அகலத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகள். அவ்வளவு நுண்ணிய வேலை. கோட்டைகளும் கழுகுகளும் மலர்களும் அதில் உள்ளன. ஓரத்திலே அரபு எழுத்தில் ஆசி என்று பொருள்படும் சொல் பின்னப்பட்டுள்ளது. கிறிஸ்தவ இளவரசரின் தலைமாட்டில் இசுலாமியக் கைவினைஞரின் ஆசிமொழி! போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற இரு மரபுகள் கல்லறைக்குள் ஒரே தலையணையில் சந்தித்திருக்கின்றன. அந்தத் தலையணையைப் பின்னியவர் யார்? இளவரசரின் பெயர் எஞ்சியது. பின்னியவரின் பெயர் எஞ்சவில்லை.

ஊசியில் நிற்கும் ஆடை

செர்மனி நாட்டுப் புக்ஸ்டஹூட நகரில் இருந்த பெனடிக்டின் கன்னியர் மடத்திற்காக, 1400-ஆம் ஆண்டை ஒட்டி, ஓவியர் பெர்ட்ராமும் அவர்தம் பட்டறையினரும் ஒரு பீட ஓவியத் தொகுதியைத் தீட்டினர். அது இப்போது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் ஒரு பகுதியில் அன்னை மரியா அமர்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். குழந்தை இயேசு அருகே புத்தகத்துடன் இருக்கிறார். வானதூதர் இருவர் வந்து நிற்கின்றனர். அவர்கள் கொண்டுவந்தவை பொன்னும் தூபமும் அல்ல. சிலுவை, ஈட்டி, ஆணிகள், முள்முடி.

அன்னையின் கையிலுள்ள ஆடையை உற்றுநோக்க வேண்டும். நான்கு ஊசிகளில் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னப்படும் ஆடை அது. இவ்வாறு வட்டத்தில் பின்னினால் பக்கவாட்டில் தையல் விழாது. கல்வாரியில் படைவீரர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்டுக்கொண்ட தையலற்ற அங்கியை யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. நற்செய்தி அதனை நெய்யப்பட்டது என்றே சொல்கிறது. ஓவியரோ தம் காலத்துப் பெண்களின் கைவேலையை அதில் கண்டார். இது வரலாற்றுப் பிழை என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் வேறொரு வகையில் அது விலைமதிப்பற்ற வரலாற்றுச் சான்று. இத்தாலிய ஓவியர் சிலரும் அதற்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டில், பின்னும் மரியாவைத் தீட்டியுள்ளனர். ஐரோப்பிய இல்லங்களில் பெண்கள் எத்தனை ஊசிகளைக் கொண்டு எவ்வாறு பின்னினர் என்பதை எந்த ஏடும் நமக்குச் சொல்லாத காலத்தில், பீடத்தின் மேலிருந்த இந்த ஓவியங்கள் சொல்கின்றன. கோவிலுக்கு வந்த ஏழைப்பெண் பீடத்தை நோக்கினாள். தன் வீட்டு வேலையை இறைவனின் தாய் செய்வதைக் கண்டாள். மறையுரை எதுவும் அவளுக்கு இவ்வளவு தெளிவாக அவளுடைய உழைப்பின் மாண்பை எடுத்துரைத்திருக்குமா என்பது ஐயமே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த ஆடை முடிவடையவில்லை. கழுத்துப் பகுதி இன்னும் ஊசிகளில் நிற்கிறது.

மூன்று பைகளில் மூன்று வேலைகள்

ஊசியில் நிற்கும் வேலை என்றால் என்ன என்பதை, மலைநாட்டுப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய ஆண்டுகளில் கண்டறிந்தோம். ஓய்வுபெற்ற செவிலி அம்மையார் ஒருவர் அங்கே இருந்தார். அவர் வீட்டு நாற்காலியருகே எப்போதும் மூன்று துணிப்பைகள் தொங்கும். முதற்பையில் பேரனுக்கான காலுறை. ஒரு கால் முடிந்திருக்கும். மறு கால் குதிகாலில் நிற்கும். குதிகால்தான் காலுறையின் கடினமான திருப்பம். அங்கே வட்டத்தை நிறுத்தி, பாதி வரிசைகளாக முன்னும் பின்னும் திரும்பிப் பின்னி, குழாயை ஒரு கிண்ணமாக வளைக்க வேண்டும். இரண்டாம் பையில் தங்கைக்கான சாம்பல் நிறச் சால்வை. நூல் போதாமல் மாதக்கணக்கில் நின்றுபோனது. மூன்றாம் பையில் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கான தொப்பிகள். அந்த வேலைக்கு முடிவே கிடையாது. ஒன்று முடிந்தால் மற்றொன்று தொடங்கும்.

நூலைப் பற்றி அவர் அறிந்தவை பல. ஓர் இழையைத் தனியே முறுக்கினால் அது துணியைக் கோணலாக்கும். இரண்டு புரிகளை அவை நூற்கப்பட்டதற்கு எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் ஒன்றின் கோணலை மற்றொன்று சமன் செய்யும். கம்பளி இழையின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு; வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று பிணைந்து ஆடை சுருங்கிப்போகும். ஆயினும் ஈரம் பட்டாலும் வெப்பத்தைக் காக்கும் திறம் கம்பளிக்கே உண்டு. அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைத் தொப்பிக்கு அக்ரிலிக் நூல் போதும், சால்வைக்கு ஆகாது. ஒரே நிறம் என்று கடைக்காரர் உறுதி சொன்னாலும், நூலுருண்டையின் சுற்றுத்தாளில் உள்ள சாய எண் மாறியிருந்தால் பகல் வெளிச்சத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். சால்வை நின்றுபோன காரணமும் அதுவே.

“அவசரப்பட்டாலும் கண்ணி இறுகும், கவலைப்பட்டாலும் இறுகும் சாமி” என்று அவர் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு, முந்தைய நாள் பின்னிய 12 வரிசைகளைத் தயக்கமின்றி உருவினார். பிரிந்த நூல் நெளிநெளியாகக் கிடந்தது. பழைய கண்ணிகளின் வடிவம் அதில் அப்படியே இருந்தது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, நுனியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் நூல் நேராயிற்று.

அண்டை வீட்டார் ஒருவர் அத்தகைய சால்வை தமக்கும் ஒன்று வேண்டுமென்றார். நூலின் விலையைத் தந்துவிடுவதாகவும் சொன்னார். அம்மையார் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். கேட்டவர் தீயவர் அல்லர். நூலுக்கு விலை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வாரக்கணக்கில் இயங்கும் கைகளுக்கும் விலை உண்டு என்பது தோன்றவில்லை. இந்த மறதி அவர் ஒருவருடையதன்று. பின்னல் வரலாறு முழுவதும் அது தொடர்ந்து வருகிறது.

பிரித்தெடுத்த ஆயர்

1987-இல் ஆங்கிலத்தில் கைப்பின்னலின் வரலாறு என்னும் பெருநூல் ஒன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் ஓர் ஆயர் என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ரிச்சர்ட் ரட் என்பது அவர் பெயர். 1925-இல் பிறந்தவர். ஆங்கிலிக்கன் மறைபரப்பாளராக 1954-இல் கொரியா சென்று, அந்நாட்டு மொழியையும் இலக்கியத்தையும் ஆழ்ந்து கற்று, டேஜான் மறைமாவட்டத்தின் ஆயரானார். 1974-இல் நாடு திரும்பியபின் லெஸ்டர் நகரின் ஆயராகப் பணியாற்றினார். ஓய்வுக்குப்பின் 1994-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 2011-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் தாமே பின்னுவார். அவர் சேர்த்துவைத்த பின்னல் நூல்கள் இன்று சௌத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் வின்செஸ்டர் கலைக்கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன.

பின்னலைச் சுற்றி வளர்ந்திருந்த கதைகளை அவர் சான்றுகளோடு ஒத்துப் பார்த்தார். ஒத்துவராதவற்றைப் பிரித்தார். இரண்டு கதைகளை மட்டும் இங்கே காண்போம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் இடையே ஃபேர் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. பல நிறக் கம்பளியில் அங்கே பின்னப்படும் கோலங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1588-இல் இங்கிலாந்தின் மீது படையெடுத்த ஸ்பானியக் கப்பற்படையைச் சேர்ந்த எல் கிரான் கிரிஃபோன் என்னும் கப்பல் அத்தீவில் மோதி உடைந்தது உண்மை. கரையேறிய மாலுமிகளே தீவுப் பெண்களுக்கு அக்கோலங்களைக் கற்பித்தனர் என்பது கதை. அதற்குச் சான்று இல்லை. அத்தகைய கோலங்கள் வடகடலைச் சூழ்ந்த நாடுகள் பலவற்றிலும் காணப்படுபவை. கதையின் உட்பொருளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழைப் பெண்கள் தாமே இவ்வழகைப் படைத்திருக்க முடியாது, யாரோ கற்பித்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அதனுள் ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது கதை இன்னும் உருக்கமானது. அயர்லாந்தின் மேற்கே அரான் தீவுகள் உள்ளன. கத்தோலிக்க மீனவர் வாழும் பாறைத் தீவுகள் அவை. அங்குப் பின்னப்படும் வெண்ணிறக் கம்பளிச் சட்டைகளில் கயிறும் சாய்சதுரமும் தேன்கூடும் போன்ற புடைப்புக் கோலங்கள் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிக் கோலம் உண்டென்றும், கடலில் மாண்டவரின் உடல் சிதைந்து கரை ஒதுங்கினால் சட்டையின் கோலத்தைக் கொண்டு அடையாளம் காண்பர் என்றும் சொல்வார்கள். சுற்றுலாக் கடைகளில் இக்கதை சட்டையோடு சேர்த்தே விற்கப்படுகிறது.

இதன் வேரைத் தேடினால் ஜான் மில்லிங்டன் சிங் எழுதி 1904-இல் மேடையேறிய ஒரு நாடகத்தில் வந்து நிற்கிறோம். அதில் இளங்குரு ஒருவர், தொலைவில் கரை ஒதுங்கிய ஒருவரின் ஆடைகளை ஒரு குடும்பத்திடம் சேர்ப்பிக்கிறார். அதிலிருந்த காலுறை தன் அண்ணனுடையதுதான் என்று தங்கை அறிந்துகொள்கிறாள். எவ்வாறு? குடும்பக் கோலத்தால் அன்று. அது கோலமே இல்லாத எளிய காலுறை. பின்னியவள் அவளே. எத்தனை கண்ணிகள் போட்டோம், எத்தனை கண்ணிகள் நழுவின என்பது அவள் நினைவில் இருந்தது. எண்ணிப் பார்த்தாள், பொருந்தியது. குலச்சின்னம் அங்கு ஏதும் இல்லை. அன்பால் பின்னிய கையின் ஞாபகமே இருந்தது. பிற்கால வணிகம் அதைக் குலச்சின்னமாக்கிவிட்டது.

இதற்கும் மேலே சென்றவர் ஹைன்ஸ் எட்கர் கீவே. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் நூற்கடை நடத்திய இவர் 1936-இல் டப்ளினில் அரான் சட்டை ஒன்றைக் கண்டார். அதன் கோலங்கள் பழங்கால ஐரிஷ் துறவியர் காலத்தவை என்றும், 800-ஆம் ஆண்டை ஒட்டிய கெல்ஸ் நற்செய்தி ஏட்டிலேயே அத்தகைய ஆடை தீட்டப்பட்டுள்ளது என்றும் எழுதினார். 1967-இல் பின்னலின் புனித வரலாறு என்றே ஒரு நூல் வெளியிட்டார். இதை ஏற்றுக்கொள்ள வேறு எவரையும்விட ஓர் ஆயருக்கு விருப்பம் இருந்திருக்கும். ஆனால் ரட் ஏற்கவில்லை. இன்று நாம் அறியும் அரான் சட்டை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது என்பதே சான்றுகள் காட்டும் உண்மை. புனிதம் என்ற பெயரிட்டு வந்தாலும் பொய் பொய்யே என்பதை அந்த ஆயர் அறிந்திருந்தார்.

கதைக்கு அடியில் கூலி

கதைகள் பிரிந்தபின் எஞ்சுவது என்ன? அரானில் எஞ்சுவது வறுமை. மேற்கு அயர்லாந்தின் வறிய பகுதிகளுக்கு உதவுவதற்காக 1891-இல் அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. உழைப்பாளரின் நியாயமான ஊதியம் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டதும் அதே 1891-இல்தான். வாரியத்தின் முயற்சியால் மீன்பிடித் தொழில் வளர்ந்தது. வெளியூர் மீனவர்களும் தீவுக்கு வந்தனர். வந்தவர்களின் உடையிலிருந்த கோலங்களைக் கண்டு, தீவுப் பெண்கள் தம் கற்பனையால் அவற்றை மேலும் வளர்த்தனர் என்பதே பொருத்தமான விளக்கம். பழந்துறவியர் தேவையில்லை, குலச்சின்னம் தேவையில்லை. கூர்ந்த கண்ணும் பசித்த குடும்பமும் போதுமானவையாக இருந்தன.

ஷெட்லாந்தில் எஞ்சுவது இன்னும் கசப்பானது. அங்குள்ள ஆட்டின் கழுத்துப்பகுதி மென்மயிரைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பறித்து, அதைத் தலைமயிரினும் மெல்லிய நூலாக நூற்று, சால்வை பின்னினர். முழுச் சால்வையையும் ஒரு மோதிரத்தினூடே இழுத்துவிடலாம், அவ்வளவு மென்மை. விக்டோரியா அரசியும் அத்தீவுப் பின்னலை அணிந்தார். ஆடவர் கடலுக்குச் செல்ல, பெண்கள் முதுகில் எருக்கரிக் கூடையைச் சுமந்து நடந்துகொண்டே பின்னினர். கை சும்மா இருக்க வழியில்லை.

இவ்வளவுக்கும் அவர்கள் பெற்றது பணமன்று. வணிகர் சால்வையை வாங்கிக்கொண்டு தம் கடையிலுள்ள தேயிலையும் துணியும் கொடுத்தார். உடனே பண்டம் வேண்டாம் என்றால் ஒரு சீட்டு எழுதித் தந்தார். அச்சீட்டும் அதே கடையில்தான் செல்லும். வீட்டிலோ மாவு இல்லை. வாடகைக்குப் பணம் இல்லை. எனவே பெண்கள் தேயிலையைக் கிடைத்த விலைக்குக் கைமாற்றி மாவு வாங்கினர். அரசு இதனை ஆராய ஒரு விசாரணை ஆணையரை நியமித்தது. 1872-இல் லெர்விக் நகரில் பின்னற்காரப் பெண்கள் ஆணையர்முன் நின்று, கேள்விக்கு விடையாகத் தம் நிலையைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவை அச்சிட்ட அறிக்கையாக இன்றும் இருக்கின்றன. எத்தனை நாள் பின்னினேன், என்ன கிடைத்தது, எதை விற்று எதை வாங்கினேன் என்பன போன்ற எளிய சொற்கள் அவை. கைப்பின்னல் வரலாற்றில் பின்னியவர்களே பேசும் அரிய ஏடு அதுவே. கப்பல் உடைந்த கதையை அறிந்தவர் பலர். இந்த ஏட்டை அறிந்தவர் சிலரே.

இதைத்தான் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். அழகிய கதை பலவேளைகளில் தீங்கற்றதாகத் தோன்றும். ஆனால் ஸ்பானிய மாலுமியும் பழந்துறவியும் கதைக்குள் வந்து அமரும்போது, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாவுக்கு அலைந்த பெண் வெளியே போய்விடுகிறாள். பொருளுக்குப் புகழ் சேர்கிறது, கூலி மறைந்துபோகிறது. ஆகவே பொய்க்கதையைப் பிரிப்பது புலமைப் பொழுதுபோக்கன்று. அது ஒரு நீதிச் செயல். யாக்கோபின் திருமுகம் கூலி கொடுபடாத உழைப்பாளரின் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுவதைச் சொல்கிறது. வரலாறு எழுதுபவன் செவிக்கும் அது எட்ட வேண்டாமா?

பொறியும் தையலும்

பின்னலைப் பொறிக்கு மாற்றியவரும் ஒரு திருப்பணியாளர் என்பது மரபு. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, 1589-இல் காலுறை பின்னும் பொறியை உருவாக்கினார். கை ஒவ்வொரு கண்ணியாகச் செய்ததை அப்பொறி ஒரு வரிசை முழுவதையும் ஒரே அசைவில் செய்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அவ்வட்டாரக் குடிசைகள்தோறும் பொறிகள் நுழைந்தன. பெரும்பாலான பொறிகள் முதலாளியுடையவை. அவற்றுக்கு வாடகை உழைப்பாளியின் கூலியில் பிடிக்கப்பட்டது.

1811-இல் நாட்டிங்காம் பகுதியில் இரவோடிரவாகப் பொறிகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்களை லட்டைட்டுகள் என வரலாறு அழைக்கிறது. முன்னேற்றத்தின் எதிரிகள் என்று ஏளனமும் செய்கிறது. உண்மை வேறு. தலைமுறை தலைமுறையாகப் பொறியிலேயே உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் எதிர்த்தவற்றுள் ஒன்று, அகலத் துணியாகப் பின்னி, துண்டுதுண்டாக வெட்டி, தைத்து விற்ற மலிவுக் காலுறை. அது விரைவில் கிழிந்து தொழிலின் பெயரைக் கெடுத்தது. முழுமையாக வடிவமைத்துப் பின்னுவோரின் கூலியையும் குறைத்தது. 1812-இல் பொறி உடைப்போருக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று கவிஞர் பைரன் பிரபுக்கள் அவையில் தம் முதல் உரையை அச்சட்டத்துக்கு எதிராகவே ஆற்றினார். சட்டம் நிறைவேறிற்று.

நம் வீட்டு ஆடை

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று வாசகர் எண்ண வேண்டா. நம் ஒவ்வொருவர் உடலிலும் பின்னல் உண்டு. 1920-களில் தமிழகத்தின் திருப்பூரில் சிறிதாகத் தொடங்கிய பனியன் தொழில், இன்று உலகச் சந்தைக்குப் பின்னலாடை அனுப்பும் நகரமாக அதனை ஆக்கியுள்ளது. வட்டப்பொறிகளில் குழாய்போல் இறங்கும் துணி, புக்ஸ்டஹூட ஓவியத்தில் அன்னை மரியா நான்கு ஊசிகளில் செய்ததன் வழித்தோன்றலே. அதை வெட்டுபவர், தைப்பவர், சாயமிடுபவர், பிசிறு நறுக்குபவர் என எத்தனையோ கைகளைக் கடந்து அது நம்மிடம் வருகிறது. அந்தத் தொழில் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. நொய்யல் ஆற்றை நஞ்சாக்கவும் செய்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவின் அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, அதிலிருந்த ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்த 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்கள் கழித்து, மே முதல் நாள் திருப்பலியில், காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுடைய ஊதியத்தைக் குறிப்பிட்டார். மாதத்துக்கு 38 யூரோ. அது அடிமை உழைப்பு என்றார் அவர். லெர்விக் பெண்கள் கையில் இருந்த சீட்டும் டாக்காப் பெண்கள் கையில் இருந்த ஊதியமும் ஒரே நூலின் இரு முனைகள்.

எனில் நாம் செய்யக்கூடியது யாது? மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதற்கு முன், யாருடைய கூலி குறைந்ததால் இது மலிவாயிற்று என்று ஒரு கணம் கேட்கலாம். கையால் பின்னி விற்பவரிடம் நூலின் விலையைக் கொண்டு பேரம் பேசாதிருக்கலாம். நம் பங்குகளில் தையற்கூடங்களும் கைத்தொழில் பயிற்சிகளும் நடத்துவோர், கற்றுக்கொடுப்பதோடு நில்லாமல், செய்பவரின் நேரத்தையும் கணக்கில் சேர்த்து விலை குறிக்கலாம். பின்னலாடை நகரில் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது, எவ்வளவு அனுப்பினாய் என்று கேட்பதோடு, எத்தனை மணி நேரம் நின்றாய் என்றும் கேட்கலாம்.

தவறாகப் போன வரிசையைக் கண்டபின்னும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மேலே பின்னிச் செல்பவர் உண்டு. பிழை ஆடையோடு வளரும். நிறுத்தி, பிரித்து, நூலை நேராக்கி, மீண்டும் தொடங்குபவருக்குச் சில நாள் உழைப்பு போகும், நூல் போகாது. ஊதியம் பற்றிய கணக்கில் நம் சமூகம் பின்னிய வரிசைகள் பல தவறானவை. அவற்றைப் பிரிப்பதற்கு நூல் இன்னும் நம் கையிலேயே இருக்கிறது.